ஆடவர் நடுத்தொலைவு ஓட்டத்தில் நாடுகளின் வலிமையை ஒப்பிடுதல்

தடகளத்தில் 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டும் நடுத்தொலைவு ஓட்டங்கள் எனப்படுகின்றன. ஒரு மைல் ஓட்டமும் (ஏறக்குறைய 1609 மீட்டர்) இந்த வகைதான். ஆனால் அது ஒலிம்பிக்கில் இடம்பெறுவதில்லை. ஆடவர் பிரிவில் எந்த நாடு வலிமையானது என்று கேட்டால், ஓட்டப் பந்தயங்களைப் பின்தொடர்பவர்கள் உடனே கென்யா என்பார்கள். அந்த விடை பெரும்பாலும் சரி. எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சாதனை நேரத்தை வைத்தா, பதக்கத்தை வைத்தா, நல்ல ஓட்டக்காரர்களின் எண்ணிக்கையை வைத்தா? ஒவ்வோர் அளவுகோலும் நாடுகளை வேறொரு வரிசையில் நிறுத்துகிறது. அந்த அளவுகோல்களை விளக்கி, அவற்றின்படி இந்தியா எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டுரையில் நேரங்கள் நிமிடம், நொடி, நொடியின் நூற்றில் பங்கு என்ற முறையில் உள்ளன. 1:45.77 என்றால் 1 நிமிடம் 45.77 நொடி.

எவ்வளவு வேகம்?

எண்களை ஒப்பிடுமுன் அவற்றின் அளவை உணர்ந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஆந்திரக் காவலர் தேர்வில் 1600 மீட்டருக்கு 8 நிமிடம். திருத்தணி போன்ற எல்லையோர ஊரில் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர்களுக்கு முதல் கணக்கு மனப்பாடம். எல்லைக்கு அப்பால் நகரியில் ஓடுபவர்களுக்கு இரண்டாவது. தூரமும் நேரமும் வேறாக இருந்தாலும் வகுத்துப் பார்த்தால் ஒப்பிட்டுவிடலாம். முதலாவதில் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி, இரண்டாவதில் 5 நிமிடம். ஆகத் தமிழ்நாட்டுத் தேர்வு சற்றுக் கடினமானது.

இதே 1500 மீட்டரை மொராக்கோவின் ஹிச்சாம் எல் குரூஜ் 1998 ஜூலை 14 அன்று ரோம் நகரில் 3:26.00 நேரத்தில் ஓடினார். காவலர் தேர்வின் 7 நிமிடத்தில், அந்த வேகத்தில் இரண்டு முறை 1500 மீட்டர் ஓடி முடித்து, மூச்சு வாங்க 8 நொடி மிச்சமும் வைக்கலாம். 800 மீட்டரில் கென்யாவின் டேவிட் ருடிஷா 2012 ஆகஸ்ட் 9 அன்று லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 1:40.91 ஓடினார். 400 மீட்டர் தடத்தின் ஒரு சுற்றுக்குச் சராசரி 50.5 நொடிக்கும் குறைவு. ஒரே ஒரு சுற்றை அந்த நேரத்தில் ஓடுபவர் நம் மாவட்டப் போட்டிகள் பெரும்பாலானவற்றில் முதல் பரிசு வாங்கிவிடுவார்.

இந்த வேகத்தில் ஒரு நொடி என்பது தடத்தில் 7 முதல் 8 மீட்டர் இடைவெளி. செய்தித்தாளில் "இரண்டு நொடி வித்தியாசம்" என்று படிக்கும்போது அற்பமாகத் தோன்றும்; மைதானத்தில் பார்த்தால் முன்னால் ஓடுபவருக்கும் பின்னால் வருபவருக்கும் நடுவே ஒரு பேருந்தை நிறுத்தலாம்.

முதல் ஆளின் நேரம்

மிக எளிய அளவுகோல் தேசிய சாதனை. ஒரு நாட்டின் மிக வேகமான மனிதர் எவ்வளவு நேரத்தில் ஓடினார் என்று பார்த்தால் போதும். பட்டியல் தயாரிப்பதும் சுலபம். ஆனால் இந்த அளவுகோல் ஒரு தனிமனிதரின் திறமையை நாட்டின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டென்மார்க். கென்யாவில் பிறந்த வில்சன் கிப்கெட்டர் மாணவராக டென்மார்க்குக்கு வந்து, அங்கேயே தங்கி, அந்நாட்டுக்காக ஓடினார். 1997இல் அவர் ஓடிய 1:41.11 பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உலகின் மிகச் சிறந்த நேரங்களுள் ஒன்றாக நின்றது. தேசிய சாதனைப் பட்டியலை மட்டும் பார்த்தால் 800 மீட்டரில் டென்மார்க் உலக வல்லரசு. அப்படி யாரும் சொல்வதில்லை.

இந்தியாவின் கதை வேறு விதமானது. ராஜஸ்தானில் பிறந்து ராஜபுதனா ரைபிள்ஸ் படையில் சேர்ந்த ஸ்ரீராம் சிங், பயிற்சியாளர் இல்யாஸ் பாபரிடம் பழகி, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் இறுதிப் போட்டிக்கு வந்தார். முதல் சுற்றில் அவரே முன்னால் ஓடினார். 400 மீட்டரை 50.85 நொடியில் கடந்தார். பின்னர் கியூபாவின் அல்பெர்த்தோ யுவாந்தொரேனா முந்திச் சென்று 1:43.50 என்ற உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். ஸ்ரீராம் 1:45.77இல் ஏழாவதாக வந்தார்.

அந்த 1:45.77 இந்திய சாதனையாக 42 ஆண்டுகள் நின்றது. கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 2018 ஜூன் மாதம் குவாஹாட்டியில் 1:45.65 ஓடியபோதுதான் அது வீழ்ந்தது. குறைந்தது 0.12 நொடி, தடத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளி. பின்னர் 2025இல் கேரளத்தின் இன்னொரு வீரர், விமானப் படையைச் சேர்ந்த முகமது அப்சல், 1:45க்குக் கீழே ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

சாதனை 42 ஆண்டு நின்றதைச் சொல்லி, இந்தியா தேங்கிவிட்டது என்று எழுதுவது வழக்கம். சாதனையின் வயதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் செபாஸ்டியன் கோ 1981இல் ஃபுளோரன்ஸ் நகரில் ஓடிய 1:41.73 இன்னும் பழைய சாதனை. 2025 முடியும்வரை எந்தப் பிரிட்டிஷ் வீரரும் அதை முறியடிக்கவில்லை. ஆனாலும் பிரிட்டன் 2023 உலகப் போட்டியில் 800 மீட்டர் வெண்கலமும் 1500 மீட்டர் தங்கமும் வென்றது. கோவின் நேரம் உலகச் சாதனை; அது பழையதாக இருப்பதற்கு அதன் உயரமே காரணம். ஸ்ரீராமின் நேரம் நல்ல நேரம், உலகச் சாதனை அல்ல. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி சாதனைக்கு எத்தனை வயது என்பதல்ல; அந்தச் சாதனைக்கு அடுத்தபடியில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதே.

நான்காவது ஆள்

அடுத்தபடியில் நிற்பவர்களை எண்ணத் தடகளத்திலேயே ஒரு போட்டி இருக்கிறது: 4×800 மீட்டர் தொடரோட்டம். ஒரே நாட்டின் நால்வர் ஆளுக்கு 800 மீட்டர் ஓட வேண்டும். ஒலிம்பிக்கில் இல்லாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை. நாட்டு வலிமையை அளக்க இதைவிட நேர்மையான கருவி இல்லை என்றே சொல்லலாம். முதல் ஆள் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் நான்காவது ஆள் சோடை போனால் சாதனை வராது.

1982 ஆகஸ்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பீட்டர் எலியட், கேரி குக், ஸ்டீவ் கிராம், செபாஸ்டியன் கோ ஆகிய நால்வர் 7:03.89 ஓடினர். பிரிட்டனின் பொற்காலத்து நேரம் அது. 24 ஆண்டுகள் அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 2006 ஆகஸ்டில் பிரசெல்ஸ் நகரில் கென்யாவின் ஜோசப் முத்துவா, வில்லியம் யம்போய், இஸ்மாயில் கொம்பிச், வில்பிரட் புங்கேய் ஆகியோர் 7:02.43 ஓடி அதை முறியடித்தனர். அதே பந்தயத்தில் அமெரிக்க அணி 7:02.82 ஓடி இரண்டாவதாக வந்தது. பழைய உலகச் சாதனையை ஒரே மாலையில் இரண்டு நாடுகள் கடந்தன.

கென்யர் நால்வரின் சராசரி 1:45.61. தொடரோட்டத்தில் பின்னால் ஓடும் மூவரும் ஓடிக்கொண்டே கோலை வாங்குவதால் சிறிது சாதகம் உண்டு; அது பெரிதில்லை.

இப்போது இந்தியாவிலிருந்து ஒரு கற்பனை அணியைச் சேர்ப்போம். 1976இல் ஸ்ரீராம் சிங்கின் 1:45.77. 2018இல் ஜின்சன் ஜான்சனின் 1:45.65. 2023இல் பாங்காக் ஆசியத் தடகளப் போட்டியில் கிரிஷன் குமார் வெள்ளி வென்றபோது ஓடிய 1:45.88. மூன்றையும் கூட்டினால் 5:17.30. நான்காவதாக 2025இன் அப்சல். அவர் நேரத்தைத் தோராயமாக 1:45 என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 7:02.30.

கென்ய நால்வர் ஒரே மாலையில் ஓடிய நேரத்துக்கு ஈடாக, இந்தியாவில் 1976இலிருந்து 2025 வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டின் சிறந்த நேரங்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கென்ய நால்வரில் புங்கேய் ஒருவர்தான் பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ருடிஷா அப்போது பதின்ம வயதினர்; அந்த அணியில் இல்லை.

1500 மீட்டரிலும் இதே கணக்கைப் போடலாம். 2014 மே மாதம் பஹாமாஸின் நாசவ் நகரில் நடந்த உலகத் தொடரோட்டப் போட்டியில் கென்ய அணி 4×1500 மீட்டரை 14:22.22இல் முடித்து உலகச் சாதனை படைத்தது. ஆளுக்குச் சராசரி 3:35.55. இந்தியாவில் ஜின்சன் ஜான்சன் 2019 செப்டம்பர் 1 அன்று பெர்லினில் ஓடிய தேசிய சாதனை 3:35.24. நம் நாட்டின் மிகச் சிறந்த ஓட்டம் கென்ய அணியின் சராசரி ஓட்டம். அந்த அணியில் சைலஸ் கிப்லகாட் போன்றோர் மட்டுமல்ல, அன்றைய உலக முதல்வர்களில் ஒருவரான ஆஸ்பெல் கிப்ரோப்பும் ஓடினார். ஜின்சனுக்கு முன் 1995இலிருந்து 23 ஆண்டுகள் இந்திய சாதனையாக இருந்தது பகதூர் பிரசாத்தின் 3:38.00.

தொடரோட்டம் எல்லா நாடுகளிலும் அடிக்கடி நடப்பதில்லை. அதனால் புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் வேறொரு முறையைக் கையாள்கிறார்கள். ஒரு நாட்டின் ஆண்டுப் பட்டியலை எடுத்து, பத்தாவது இடத்தில் உள்ளவரின் நேரத்தை மட்டும் பார்ப்பது. முதல் மூவர் வெளிநாட்டுப் பயிற்சியாலோ பிறவித் திறமையாலோ முன்னேறியிருக்கலாம். பத்தாவது ஆள் அந்த நாட்டின் பள்ளிகள், மன்றங்கள், பயிற்சியாளர்கள், உள்நாட்டுப் போட்டிகள் எல்லாம் சேர்ந்து உருவாக்கியவர். காயம்பட்ட ஒருவர் ஓராண்டு ஓடாவிட்டாலும் பத்தாவது நேரம் அதிகம் மாறாது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கும் இதனால் ஏற்றது. ஒரு மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோகூட இதைச் செய்து பார்க்கலாம்; போட்டி முடிவுத் தாள்கள் கையில் இருந்தால் போதும்.

பதக்கங்கள்

பொதுமக்களுக்கு மிகவும் பழக்கமான அளவுகோல் பதக்கம். 800 மீட்டரில் 2008 முதல் 2024 வரை ஐந்து ஒலிம்பிக் தங்கங்களையும் கென்யர்களே வென்றனர்: வில்பிரட் புங்கேய், டேவிட் ருடிஷா இரண்டு முறை, எமானுவேல் கொரிர், எமானுவேல் வான்யோனி. 1500 மீட்டரில் கதை மாறுகிறது. அங்கே 2012இல் அல்ஜீரியா, 2016இல் அமெரிக்கா, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நார்வே, 2024இல் மீண்டும் அமெரிக்கா. 2022, 2023 உலகப் போட்டிகளில் பிரிட்டன், 2025இல் போர்ச்சுகல். ஆகவே "நடுத்தொலைவில் கென்யா" என்று பொதுவாகச் சொல்வது 800 மீட்டருக்குப் பொருந்தும் அளவுக்கு 1500 மீட்டருக்கு இப்போது பொருந்தவில்லை.

பதக்கக் கணக்கில் மூன்று பொறிகள் உள்ளன. யார் வரவில்லை என்பதைப் பதக்கப் பட்டியல் சொல்லாது என்பது ஒன்று. மான்ட்ரியல் 1976ஐப் பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தன, கென்யா வரவில்லை. ஸ்ரீராமின் ஏழாமிடத்தை மதிப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். மாஸ்கோ 1980இல் 800 மீட்டர் தங்கத்தை ஸ்டீவ் ஓவெட்டும் 1500 மீட்டர் தங்கத்தை கோவும் வென்றனர். அங்கே கென்யாவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. கடிகாரத்துக்கு இந்தக் குறை கிடையாது என்பதால்தான் 1982இன் 7:03.89 பிரிட்டனுக்கு மாஸ்கோ தங்கங்களைவிட உறுதியான சான்று.

இன்னொன்று தந்திர ஓட்டம். இறுதிப் போட்டியில் வேகத்தைவிட இடமே முக்கியம் என்பதால் எல்லோரும் மெதுவாக ஓடிக் கடைசியில் பாய்வது உண்டு. ரியோ 2016இல் அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 1500 மீட்டர் தங்கம் வென்ற நேரம் 3:50.00. ஜின்சனின் தேசிய சாதனையைவிட 14 நொடிக்கும் மேல் மெதுவானது! டோக்கியோவில் கொரிர் 800 மீட்டர் தங்கம் வென்றது 1:45.06இல், அப்சலின் 2025 நேரம் அதைவிட வேகம். 1976இன் ஸ்ரீராம் நேரத்தைத் தாளில் எழுதி வைத்தால் டோக்கியோவில் நான்காம் இடம் கிடைக்கும். இந்த ஒப்பீடு சமூக ஊடகங்களில் பெருமையுடன் சுற்றி வருவதற்கு ஏற்றது, பொருளற்றது. கொரிர் 2018இலேயே 1:42.05 ஓடியவர். சென்ட்ரோவிட்ஸ் ரியோவில் கடைசி 400 மீட்டரை 51 நொடிக்குள் ஓடினார். மெதுவான பந்தயத்தில் வென்றவர் மெதுவான ஓட்டக்காரர் அல்லர்.

எண்ணிக்கை வரம்பு மூன்றாவது பொறி. ஒலிம்பிக்கில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து மூவர்தான் ஓடலாம். 2024 அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் 1500 மீட்டரில் நான்காவதாக வந்தவர் 3:32க்குள் ஓடினார். பாரிசுக்கான நுழைவு நேரம் 3:33.50. அவர் அதைத் தாண்டியும் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்க வேண்டும். இந்திய சாதனையைவிட மூன்று நொடிக்கு மேல் வேகமான ஒருவருக்கு இடமில்லாத அணி அது. பாரிசில் அமெரிக்கர் மூவரும் இறுதிக்குச் சென்று முதல், மூன்றாம், ஐந்தாம் இடங்களில் வந்தனர். வலிமையான நாட்டின் அளவை அதன் பதக்கம் குறைத்தே காட்டுகிறது. மூன்றுக்கு மேல் கிடைக்க வழியே இல்லை.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த வரம்பு இரண்டு பேர். இந்தியாவுக்கு இங்கே மரியாதையான வரலாறு உண்டு. 800 மீட்டரில் ஸ்ரீராம் சிங் 1974 தெஹ்ரானிலும் 1978 பாங்காக்கிலும் தங்கம் வென்றார். 1982 டெல்லியில் தங்கம் வென்றவர் சார்லஸ் பொரோமியோ, தேவகோட்டையில் பிறந்தவர். அவர் ஓடிய நேரம் 1:46.81. தமிழ்நாட்டில் இப்போது அவர் பெயர் அதிகம் கேட்பதில்லை. அதன் பிறகு 36 ஆண்டுகள் கழித்து, 2018 ஜகார்த்தாவில்தான் இந்தியாவுக்கு அடுத்த தங்கம். அதுவும் யாரும் எதிர்பாராத விதத்தில். எல்லோரும் ஜின்சனை எதிர்பார்த்திருக்க, ஹரியாணாவின் மன்ஜித் சிங் கடைசி நீட்டத்தில் அவரை முந்தி 1:46.15இல் வென்றார், ஜின்சனுக்கு 1:46.35இல் வெள்ளி. சில நாள் கழித்து 1500 மீட்டர் தங்கம் ஜின்சனுக்குக் கிடைத்தது. 2023 ஹாங்சோவில் 1500 மீட்டரில் அஜய் குமார் சரோஜ் வெள்ளி, ஜின்சன் வெண்கலம். 800 மீட்டரில் அப்சல் வெள்ளி.

ஒரு நாடு ஒரே பந்தயத்தில் இரண்டு பதக்கம் வெல்வது ஆழத்துக்கு அடையாளம். 2018இலும் 2023இலும் ஆசிய அளவில் இந்தியாவுக்கு அந்த ஆழம் இருந்தது. ஆசியாவிலிருந்து உலகத்துக்குப் போகும்போதுதான் தரை நழுவுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் நுழைவு நேரம் 3:35.00, ஜின்சனின் சாதனை அதற்கு 0.24 நொடி வெளியே நின்றது. 2025 உலகப் போட்டிக்கு 800 மீட்டர் நுழைவு நேரம் 1:44.50, இந்தியாவின் புதிய சாதனை அதையும் எட்டவில்லை. கதவு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கதவு ஏன் நகர்கிறது?

2012 லண்டன் இறுதிப் போட்டியில் எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்த பிரிட்டனின் ஆண்ட்ரூ ஒசாகி ஓடிய நேரம் 1:43.77. அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றவர்கள் அதைவிட மெதுவாகவே ஓடியிருந்தனர். 2024 பாரிசில் நிலை இன்னும் கடுமை. வான்யோனி 1:41.19, கனடாவின் மார்கோ அரோப் 1:41.20, அல்ஜீரியாவின் ஜமேல் செஜாத்தி 1:41.50. நான்காவதாக 1:41.67 ஓடிய அமெரிக்கருக்குப் பதக்கம் இல்லை. அது கோவின் 1:41.73ஐவிட வேகம்.

கார்பன் தகடும் புதுவகை நுரையும் கொண்ட ஆணிக் காலணிகள் 2020ஐ ஒட்டி வந்த பிறகு நேரங்கள் பொதுவாகவே குறைந்தன. எனவே ஸ்ரீராமையும் அப்சலையும் நேருக்கு நேர் வைக்கும்போது எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஆண்டுக்குள் நாடுகளை ஒப்பிடுவது, வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிடுவதைவிட நம்பகமானது.

ஊக்கமருந்தும் பட்டியல்களைக் கலைக்கிறது. 2008 பெய்ஜிங்கில் 1500 மீட்டர் தங்கத்தை முதலில் பெற்றவர் பஹ்ரைனுக்காக ஓடிய, மொராக்கோவில் பிறந்த ரஷீத் ரம்சி. அது பறிக்கப்பட்டு கிப்ரோப்பிடம் போனது. அதே கிப்ரோப் பின்னாளில் ஊக்கமருந்துக்காக நான்காண்டுத் தடை பெற்றார். பதக்கப் பட்டியல் எந்தத் தேதியில் அச்சானது என்று பார்த்துத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. மேலும் பஹ்ரைன், கத்தார் போன்ற நாடுகள் பிற நாட்டில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தந்து ஓட வைப்பதால் ஆசியப் பட்டியல்களைப் படிக்கும்போது, வலிமை அந்த நாட்டினுடையதா, வீரர் வளர்ந்த நாட்டினுடையதா என்ற கேள்வி எழுந்துகொண்டே இருக்கும். இதற்கு ஒரே விடை கிடையாது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மக்கள்தொகையும் மலையும்

"140 கோடிப் பேரில் ஒருவர்கூட இல்லையா?" என்பது இந்திய விளையாட்டைப் பற்றிய நிரந்தரப் புலம்பல். நடுத்தொலைவு ஓட்டத்தில் மக்கள்தொகைக்கும் வலிமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நார்வேயின் மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம். அங்கே இங்கெப்ரிக்ட்சென் என்ற ஒரே வீட்டின் அண்ணன் தம்பி மூவரும் ஐரோப்பிய 1500 மீட்டர் தங்கம் வென்றனர்: 2012இல் ஹென்ரிக், 2016இல் பிலிப், 2018, 2022, 2024இல் யாக்கோப். கென்யாவிலும் வெற்றியாளர்களில் மிகப் பலர் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் கலென்ஜின் மக்களே; நாடு முழுவதும் பரவிய திறமை அல்ல. எண்ண வேண்டியது மக்களை அல்ல, முறையாக ஓடிப் பழகுபவர்களை.

உயரமான இடம் காரணம் என்பது அடுத்த விளக்கம். கென்யாவின் இட்டென் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2400 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அங்கே வளர்ந்து பழகியவர்களின் ரத்தம் ஆக்சிஜனை அதிகம் சுமக்கும். 1500 மீட்டர் ஓட்டத்தில் ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜனைப் பயன்படுத்தியே கிடைப்பதால் இது உதவும். உயரம் மட்டுமே போதும் என்றால் நமக்கும் உதகமண்டலம் ஏறக்குறைய 2240 மீட்டரில் இருக்கிறது. இந்திய அணியின் பயிற்சி முகாம்களும் அங்கே நடந்திருக்கின்றன. (திருத்தணி மலையின் 365 படிகளில் ஏறி ஓடிப் பழகினால் தொடை வலுக்கும், நுரையீரல் வேலை செய்யும். காற்று மெலிய அந்த உயரம் போதாது.)

இட்டெனில் உயரத்துடன் ஒரு பள்ளியும் இருந்தது. அயர்லாந்திலிருந்து 1976இல் புனித பேட்ரிக் மேல்நிலைப் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்க வந்த அருட்சகோதரர் கோம் ஓ'கானல், தடகளப் பயிற்சி எதுவும் பெறாதவர். அங்கேயே தங்கிப் பல பத்தாண்டுகள் மாணவர்களுக்கு ஓட்டம் பழக்கினார். 1988 ஒலிம்பிக் 1500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோவும் கிப்கெட்டரும் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். ருடிஷாவின் பயிற்சியாளரும் அவரே. ஒரே மைதானத்தில் இன்று ஓடும் பையன் நேற்று வென்றவனைத் துரத்துகிறான். பத்தாவது ஆள் அப்படித்தான் உருவாகிறான்.

இந்தியாவில் ஓட்டம் வேலையோடு பிணைந்தது. ஸ்ரீராமும் ஜின்சனும் தரைப்படை, அப்சல் விமானப் படை, பொரோமியோ டாட்டா ஸ்டீல். ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால் வேலை வாங்கித் தரும் நேரம் எதுவோ அதுவே இலக்காகிவிடுகிறது. காவலர் தேர்வுக்கு 7 நிமிடம் போதும் என்றால் 6 நிமிடம் ஓடக்கூடியவனும் 6:50இல் நின்றுவிடுவான். மேல்மட்டத்திலும் இதுவே நடக்கிறது. அங்கே எண் மட்டும் வேறு. தேசியப் போட்டியில் பதக்கம் வரும் நேரத்துக்கும் உலகப் போட்டியில் நுழையும் நேரத்துக்கும் இடையே உள்ள நொடிகளை ஓடிக் கடக்க உள்நாட்டில் யாருக்கும் கட்டாயம் இல்லை.

400 மீட்டரில் நடந்தது

இதே இந்தியாவில், இதே படைகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்ப்பவர்களைக் கொண்டு, ஆழம் உண்டாக்கப்பட்ட ஓர் ஓட்டம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் தமிழ்நாட்டின் ஆரோக்கிய ராஜீவ் இடம்பெற்ற இந்திய அணி 3:00.25 ஓடி ஆசிய சாதனை படைத்தும் இறுதிக்குத் தகுதி பெறவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 2:59.05 ஓடி அமெரிக்காவுக்கு அடுத்ததாக வந்தனர். இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம். அந்த நால்வரில் எவரும் தனிநபர் 400 மீட்டரில் உலகப் பதக்கத்துக்கு அருகில் இருந்தவர் அல்லர்.

அணியில் நான்கு இடம் இருந்ததால் நான்காவது ஆளுக்கும், அவர் இடத்தைப் பிடிக்கக் காத்திருந்த ஐந்தாவது, ஆறாவது ஆட்களுக்கும் முகாமில் இடம் கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஒருவரை ஒருவர் துரத்தி ஓடினார்கள். 800 மீட்டரில் நாட்டின் நான்காவது ஆளுக்கு அப்படி ஒரு பயன் இல்லை. 4×800 தொடரோட்டம் ஒலிம்பிக்கிலும் கிடையாது, ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் கிடையாது. நம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் 800 மீட்டரும் 1500 மீட்டரும் தனிநபர் ஓட்டங்களாக உண்டு. தொடரோட்டம் என்றால் 4×100, 4×400 மட்டுமே.